மார்பின் மாத்திரைக்கு மதுரைக்குத்தான் போக வேண்டுமா?

கானாடுகாத்தான் பேத்தி:
அப்பத்தாவுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய், இடுப்பெலும்புக்குப் பரவிவிட்டது. மதுரையில் கடும் வலிக்குத் தந்த மார்பின் மாத்திரை போன சனிக்கிழமை தீர்ந்தது. மருத்துவர் சீட்டோடு காரைக்குடியில் ஆறு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில், பக்கத்தில் நின்றவர் கண்ணில் படாமல் சீட்டை நாலாக மடித்து என் கையில் திணித்தார்கள், நான் ஏதோ கஞ்சா கேட்டதைப் போல. படுத்தால் வலிக்கிறது என்று அன்று இரவு முழுக்க அப்பத்தா வளவுத் தூணில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். கடிகாரம் அடிக்கும்போதெல்லாம் மணி என்ன என்று கேட்டார். அடித்ததை எண்ணக்கூட அவரால் முடியவில்லை. இவ்வளவு கெடுபிடி யாரைக் காப்பாற்ற?

தேவகோட்டை மருந்துக்கடை:
ஆச்சி, கோபப்படாதீர்கள், நானும் அப்படித்தான் மடித்துக் கொடுத்திருப்பேன். போதைப்பொருள் சட்டம் 1985-இல் வந்தபோது குறைந்தபட்ச தண்டனையே 10 ஆண்டு. மாதத்துக்கு இரண்டு பேர் கேட்கும் மருந்து. லாபம் டீச்செலவுக்குக் காணாது. அதற்குத் தனி அனுமதி, தனிப் பதிவேடு. கணக்கு உதைத்தால் கோர்ட்டுக்கு அலையப்போவது நான். இன்னொன்று: வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள் என் கடை வாசலுக்கே வருகிறார்கள். எது நல்ல சீட்டு, எது கள்ளச்சீட்டு என்று பார்ப்பதிலேயே பாதிப் பொழுது போகிறது.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அண்ணன் சொல்வதில் பாதி பழைய கதை. பிடிபட்ட அளவுக்குத் தக்கபடி தண்டனை என்று 2001-இலேயே திருத்திவிட்டார்கள். 2014 திருத்தம் அதைவிடப் பெரியது. அதற்கு முன் ஒரு மருத்துவமனை மார்பின் வாங்க நாலைந்து உரிமம் வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். இப்போது பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகரித்தால் போதும். எத்தனை மருத்துவமனைகள் விண்ணப்பித்தன என்று கேளுங்கள்.

சரக்குக்கும் பஞ்சமில்லை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் மார்பின் எடுக்கும் அபினிச் செடி அரசு உரிமத்தோடு பயிராகிறது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள். நாம் குழம்புக்கு அரைக்கும் கசகசா அதே செடியின் விதைதான். அதற்கு மட்டும் யாரும் சீட்டை மடிப்பதில்லை.

புதுவயல்காரன்:
அமெரிக்காவில் 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையை இறக்கிவிட்டு எத்தனை குடும்பம் அழிந்தது? அந்த வழியை நாமும் பிடிக்க வேண்டுமா? என் மாமாவுக்கு மார்பின் ஆரம்பித்த மூன்றாம் நாள் ஆள் போய்விட்டார். அந்த மாத்திரை கைக்கு வந்தால் சங்குச் சத்தம் கேட்டது போலத்தான்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தம்பி, கடைசி மூன்று நாளில் கொடுத்தால் மூன்றாம் நாள் போகத்தான் செய்வார். முதலிலேயே சிறிய அளவில் தொடங்கி, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்து, வலி அடங்கும் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தவர்களை எனக்குத் தெரியும். மலச்சிக்கல் நிச்சயம் வரும். கூடவே பேதி மருந்து எழுதாத மருத்துவரைத்தான் திட்ட வேண்டும்.

அமெரிக்காவில் புற்றுநோய் இல்லாத நாள்பட்ட வலிக்கெல்லாம் கம்பெனிகள் வாரி இறைத்தன. இங்கே நிலைமை நேர் எதிர். 2017-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் போட்ட கணக்கில், உலகில் ஆண்டுக்கு விநியோகமான ஓபியாய்டு (மார்பின் வகை) வலி மருந்து, மார்பின் அளவில் கணக்கிட்டால், 298.5 டன், அதில் ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன்.

தேவகோட்டை மருந்துக்கடை:
டன் கணக்கு இருக்கட்டும். நோயாளி இறந்தபின் வீட்டில் மிஞ்சும் மாத்திரையை யார் எண்ணுகிறார்கள்? எந்தப் பேரன் கையில் அது கிடைக்கும்?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
கோழிக்கோட்டில் எண்ணிப் பார்த்தார்கள். மருத்துவர் ராஜகோபால் குழுவினர் இரண்டு ஆண்டில் 1,723 நோயாளிகளுக்கு வாய்வழி மார்பின் கொடுத்து, மருந்து தவறான கைக்குப் போனதாக ஒரு சம்பவமும் தென்படவில்லை என்று 2001-இல் எழுதினார்கள்.

தேவகோட்டை மருந்துக்கடை:
அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர்கள். அப்படி ஆள் போட்டால் நானும் விற்கிறேன். அதுவரை என் கடையில் கிடையாது, யார் எவ்வளவு வைதாலும்.

கானாடுகாத்தான் பேத்தி:
வையவில்லை அண்ணன். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தின் சம்பளத்தை அப்பத்தா கொடுக்கிறார். நாளை விடியற்காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போகிறேன். அக்கா, ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கேட்டால் தருவார்களா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
கேட்டுப் பாருங்கள். பஸ் செலவையும், அவர் எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை சாப்பிட்டார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.

தேவகோட்டை மருந்துக்கடை:
தீர்ந்துபோன அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆச்சி. கையோடு கொண்டுபோங்கள். அதைப் பார்த்தால் அங்கே கேள்வி குறையும்.