அண்ணிக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்திருக்கிறது. தில்லியில் எங்கே அழைத்துப் போகலாம்?

செக்டர்4_வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணி மட்டக்களப்புக்காரர். அண்ணனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஆர்.கே.புரத்துக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தியரை மணந்தவர் ஏழு வருஷம் இங்கேயே குடியிருந்தால் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. போலீஸ் விசாரணை, பழைய குடியுரிமையை விட்டுவிட்டதற்கான காகிதம் என்று ஒவ்வொன்றாக முடித்து, போன மாதம்தான் சான்றிதழ் கைக்கு வந்தது. வரிசையில் நின்றார், உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் மலை மந்திர் போய் முருகனுக்கு ஒரு அர்ச்சனை. அவ்வளவுதான் விசேஷம்.

அண்ணியின் தங்கை ஸ்கார்பரோவில் இருக்கிறாள். அவளும் இந்த வருஷம்தான் கனடா குடியுரிமை வாங்கினாள். வீடியோ காலில் காட்டினாள்: நீதிபதி முன்னால் எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி, தேசிய கீதம், பிறகு ஃபோட்டோ. அதோடு ஃபோனில் 'கனூ' என்று ஒரு செயலி. அதைக் காட்டினால் அருங்காட்சியகம், பூங்கா எல்லாவற்றுக்கும் டிக்கெட் இல்லையாம். மறு வாரமே பிள்ளைகளோடு டைனோசர் எலும்புக்கூட்டின் கீழே நின்று படம் அனுப்பியிருந்தாள். அண்ணி அந்தப் படத்தை எனக்கும் காட்டினார், அம்மாவுக்கும் காட்டினார், எதிர்வீட்டு மாமிக்கும் காட்டினார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில வருஷம் முன்னால் ஒரு கோட்டைக்குக் குடும்பத்தோடு போனோம். இலங்கை போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக்காரர்களுக்கும் இந்தியருக்கான அதே கட்டணம்தான், அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஆன்லைன் டிக்கெட்டில் அண்ணியின் பெயருக்கு நேரே இலங்கை என்று இருந்ததால் வாசலில் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். வீட்டில் இருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்க நிழல்ல இருக்கேன்" என்றார். அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும் ஏதாவது வேலை வந்துவிடும் அவருக்கு.

என் கேள்வி: கனடாவில் இது எப்படி நடக்கிறது, யார் நடத்துகிறார்கள்? நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா? இல்லையென்றால், நாங்கள் வீட்டு மனிதர்களே அண்ணிக்கு என்ன செய்யலாம்? அடுத்த வருஷம் அண்ணியும் நானும் கனடா போனால் தங்கையின் அனுமதியில் நாங்களும் நுழைய முடியுமா?

ஸ்கார்பரோ_அக்கா எழுதியது:

தங்கச்சி, முதல்ல அண்ணிக்கு என்ரை வாழ்த்தைச் சொல்லுங்கோ. நானும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

உங்கட கடைசிக் கேள்விக்குப் பதில்: ஏலாது. கனூ அந்த ஆளுக்கும் அவரோடு வாற 18 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் நாலு பேர் வரைக்கும்தான். பார்க்க வந்த சொந்தக்காரருக்கு இல்லை. ஆனால் கவலைப்படாதேங்கோ. ஸ்கார்பரோவோட ஒட்டியிருக்கிற ரூஜ் தேசிய நகர்ப் பூங்காவுக்கு யாருக்குமே கட்டணம் இல்லை. ரொறொன்ரோவில இருக்கிற ஒன்ராறியோ கலைக்கூடத்துக்குப் புதன் பின்னேரத்தில் இலவசமாப் போகலாம், முன்பதிவு மட்டும் செய்ய வேணும்.

நடத்துறது கனடியக் குடியுரிமை நிறுவனம் எண்ட ஒரு அமைப்பு. ஏட்ரியன் கிளார்க்சன் எண்டவ 1999 முதல் 2005 வரை இங்க ஆளுநர் நாயகமா, அதாவது ராணியின்ர பிரதிநிதியா இருந்தவ. ஹொங்கொங்கில பிறந்து, 1942இல சின்னப் பிள்ளையா அகதியாக் கனடாவுக்கு வந்தவ. பதவி முடிஞ்ச கையோட அவவும் கணவர் ஜோன் ரால்ஸ்டன் சோலும் சேர்ந்து தொடங்கினது. முதலில் குடியுரிமை எடுத்தவைக்கு ஒரு வருசத்துக்கு மட்டும்தான் குடுத்தவை. பேரும் அப்ப கலாசார அனுமதி அட்டை எண்டுதான் இருந்தது. பிறகு செயலியாக்கி, நிரந்தர வதிவிடம் கிடைச்சுக் கொஞ்ச வருசமே ஆன ஆக்களுக்கும் திறந்துவிட்டவை. இப்ப நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் இதில இருக்கு. தேசியப் பூங்காக்களும் உண்டு.

நீங்கள் எழுதினதில நான் ஒன்று சேர்க்க வேணும். காசு ஒரு பொருட்டே இல்லை எண்டு நினைக்காதேங்கோ. வந்த புதிசில வாடகை, குளிருக்குச் சப்பாத்து, பிள்ளைகளுக்கு ஜாக்கெட் எண்டு காசு கரையும். ஒன்ராறியோ ராயல் அருங்காட்சியகத்தில ஒரு ஆளுக்கே இருபது டொலருக்கு மேல. காசு குடுத்துப் போனால் குடுத்த காசுக்கு எல்லாத்தையும் பார்த்து முடிக்க வேணும் எண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவம். எனக்கு அட்டை கிடைச்ச வருசத்தில என்ர சின்னவன் அந்த அருங்காட்சியகத்தில இருக்கிற வௌவால் குகையைப் பார்த்துட்டு அழுதான். அரை மணித்தியாலத்தில வெளியில வந்திட்டம். அடுத்த கிழமை திரும்பப் போனம். மூன்றாம் தரம் அவனே முன்னால நடந்து வழி காட்டினான். நினைச்ச நேரம் உள்ள போய், களைச்சால் வெளியில வரலாம் எண்டால்தான் ஒரு இடம் எங்கட இடமாகும்.

முனிர்க்கா_மாமா எழுதியது:

குழந்தே, நான் 1974-ல் மத்திய அரசு வேலைக்காகத் தில்லி வந்தவன். பணி ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். ஊரிலிருந்து வருகிற பந்துக்களுக்கு வழிகாட்டி வழிகாட்டி இந்த ஊரின் வாசற்படிகள் எல்லாம் காலுக்குப் பழக்கம். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

புதிதாகக் குடிமக்களானவர்களுக்கென்று இங்கே தனி அனுமதி எதுவும் கிடையாது. ஆனால் டிக்கெட் நமக்குத் தடையே இல்லை. தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எப்போதும் இலவசம். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினத்தன்று எல்லாருக்குமே திறந்துவிட்டிருக்கிறார்கள், மார்ச் 8 அன்று பெண்களுக்கு. சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டுக்காக 2022-ல் ஆகஸ்ட் 5 முதல் 15 வரை நாடு முழுக்க இலவசமாக விட்டார்கள். அந்த நாட்களில் கூட்டம் நெரியும், உன் அண்ணிக்கு அது வேண்டாம். சாதாரண நாளில் ஹுமாயூன் சமாதிக்கு நாற்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் இருபது ரூபாய்.

இங்கே குறை வேறு. உன் அண்ணியிடம் "வாருங்கள், இது உங்களுடையது" என்று யாரும் சொல்லவில்லை. கனடாவில் அதைச் சொல்வதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது. நம்மிடம் அண்ணன், நாத்தனார், மாமா என்று மனிதர்கள் இருக்கிறோம். நாம் சொல்லாமல் இருப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

கோட்டையில் ஆரம்பிக்காதே. வாசலில் வரிசை, சோதனை எல்லாம் அவருக்குப் பழசை ஞாபகப்படுத்தும். முதலில் தீஸ் ஜனவரி மார்க்கில் காந்தி ஸ்மிருதி. டிக்கெட்டே கிடையாது, திங்கட்கிழமை விடுமுறை. காந்தி கடைசி 144 நாட்கள் இருந்த வீடு. அவர் அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்கு நடந்த வழியில் காலடிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள், அதன் கூடவே நடந்து போகலாம். அப்புறம் தேசிய அருங்காட்சியகம். அதை நார்த் பிளாக், சவுத் பிளாக் என்கிற தலைமைச் செயலகக் கட்டடங்களுக்கு மாற்றும் திட்டம் இருக்கிறது, ஜன்பத் கட்டடத்தில் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வெண்கலச் சிலைகள் இருக்கிற கூடத்தைத் தேடிப் போ. திருவரங்குளம் நடராஜர் அங்கேதான் இருக்கிறார். இடது காலைத் தூக்கி வீசாமல், இரண்டு முழங்காலும் மடங்கிய நிலையில் ஆடுகிறவர். அந்த நிலைக்குச் சதுர தாண்டவம் என்று பெயர்.

ஒரே நாளில் நாலு இடம் காட்டுகிறேன் என்று கிளம்பாதே. ஒன்று போதும். கையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போ.

திரிலோக்புரி_பொண்ணு எழுதியது:

அக்கா, ரெண்டு நாளா இதைப் படிச்சிட்டு எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன்.

எங்க அம்மா ஆத்தூர் பக்கம். இருபத்தஞ்சு வருஷமா மயூர் விஹார்ல வீட்டு வேலை. பொறந்ததிலிருந்தே இந்தியக் குடிமகள்தான், ஓட்டும் போடுறாங்க. ஆனா ஜன்பத் பக்கம் ஒரு தடவை கூடப் போனதில்லை. எங்க தெருவுல முக்காவாசிப் பெண்கள் அப்படித்தான். மாமா சொன்ன இருபது ரூபாய் எங்களுக்கும் பெரிசில்லை. மெட்ரோவுக்குப் போக வர ஆகுற காசும், ஒரு வீட்டு வேலைக்கு லீவு சொல்றதும்தான் பெரிசு. அதைவிடப் பெரிசு, அந்த மாதிரிக் கட்டடத்துக்குள்ள நாம போனா யாராவது ஏன் வந்தேன்னு கேப்பாங்களோங்கிற நினைப்பு. உங்க அண்ணி நிழல்ல நின்னதைப் படிச்சப்போ எங்க அம்மாதான் கண்ணுக்குத் தெரிஞ்சாங்க.

கோவிச்சுக்காதீங்க. புதுக் குடிமக்களுக்கு மட்டும்னு வைக்காதீங்க. உங்க அண்ணியோட எங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போக முடியுமா? அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் காலையில பதினோரு மணி வரைக்கும் வேலை இருக்கு. மத்தியானத்துக்கு மேலன்னா வருவாங்க.

செக்டர்4_வாசி எழுதியது:

தங்கச்சி, கோபமே இல்லை. நீ எழுதியதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. "அவங்க வந்தா நானும் வாறன்" என்று அவரே சொன்னார். இத்தனை வருஷத்தில் எங்கேயாவது போகலாம் என்று அவர் வாயிலிருந்து வருவது இதுதான் முதல்.

போன ஞாயிறு மத்தியானம் போய் வந்தோம். மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

மாமா, காந்தி ஸ்மிருதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டோம், மன்னிக்கவும். குழந்தை பள்ளியில் சிந்து சமவெளி படித்துக்கொண்டிருக்கிறாள், அருங்காட்சியகம்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மொகஞ்சதாரோ நடனப்பெண் சிலை முன்னால் நின்றவள் பையிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்துக் கண்ணாடிக்கு வெளியே பிடித்துப் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் பக்கம் நிறைய இருந்த சிலை பத்தரை சென்டிமீட்டர்தான். திரிலோக்புரி அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "கை நிறைய வளையல் போட்டுக்கிட்டு இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிக்கிறா பாரு, சண்டைக்கு வந்தவளாட்டம்" என்றார். காவலர் தமிழ் புரியாமலே சிரித்தார்.

வெண்கலக் கூடத்தில் அண்ணி எங்களை விட்டு முன்னால் போய்விட்டார். தேடிப் போனால், நடராஜர் முன்னால் நின்று திரிலோக்புரி அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்: காலடியில் கிடக்கிற முயலகன் யார், கையில் இருக்கிற தீ என்ன, வழக்கமாகக் கால் எப்படித் தூக்கியிருக்கும், இங்கே ஏன் மடங்கியிருக்கிறது. அண்ணி சின்ன வயதில் பரதம் படித்தவர் என்பது எனக்குத் தெரியும், ஆனால் இவ்வளவு பேசுவார் என்று தெரியாது. அந்த மடங்கிய நிலையை நின்ற இடத்திலேயே செய்தும் காட்டினார். பக்கத்தில் நின்றிருந்த இந்திக்காரக் குடும்பம் ஒன்று அவரிடமே சந்தேகம் கேட்க ஆரம்பித்தது. அண்ணி தன் இந்தியில் பதில் சொன்னார். வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆதாரைக் கையிலேயே வைத்திருந்தார், பைக்குள் போட்டதை நான் கவனிக்கவில்லை.

ஸ்கார்பரோ அக்கா, நீங்கள் சொன்னது சரி. குழந்தைக்குக் கால் வலித்ததும் பாதியிலேயே கிளம்பிவிட்டோம். மீதி அங்கேதானே இருக்கப் போகிறது.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு காந்தி ஸ்மிருதி. லோக் கல்யாண் மார்க் மெட்ரோ வாசலில் சந்திப்பு, அங்கிருந்து ஆட்டோ. திரிலோக்புரியிலிருந்து வருகிறவர்களுக்கு மெட்ரோ செலவை இங்கே சிலர் பகிர்ந்துகொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், அண்ணனும் ஒருவர். மாமா, உங்களால் படியேற முடியுமானால் நீங்களும் வரவேண்டும், அந்தக் காலடி வழியை நீங்கள் சொல்லித்தான் அண்ணி கேட்க வேண்டும் என்கிறார். தில்லியில் புதிதாக வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பம் எதையாவது உங்களுக்குத் தெரிந்தால், எந்த நாட்டுக் காகிதம் வைத்திருந்தாலும், கூட்டிக்கொண்டு வாருங்கள்.

முனிர்க்கா_மாமா எழுதியது:

வருகிறேன். அங்கே பெரிதாகப் படி ஒன்றும் இல்லை. தயிர்சாதம் என் வீட்டிலிருந்து, எத்தனை பேர் என்று மட்டும் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு.