திரைப்பட ஆய்வில் முதுகலை: ஜாதவ்பூரா, ஜேஎன்யூவா?

வணக்கம். எனக்குப் படம் எடுக்க ஆசையில்லை, படத்தை ஆராயவே ஆசை. (வீட்டில் இந்த வேறுபாட்டை யாரும் ஏற்பதாயில்லை.) கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் திரைப்பட ஆய்வுக்கென்றே தனித்துறை இருக்கிறது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜேஎன்யூ) கலை, அழகியல் புலத்தில் சினிமாவோடு ஓவியமும் நாடகமும் சேர்ந்தே வரும்.

ஐம்பதுகளில் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களை ஆராய எண்ணம்: அந்த அட்டை ஓவியங்கள், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று பாதியில் நிற்கும் கதைச்சுருக்கம். ஓவிய வரலாறு தெரியாமல் இதில் இறங்க முடியாது என்பதால் மனம் டெல்லிப் பக்கம் சாய்கிறது.

இந்த இரண்டு இடங்களிலும் படித்தவர்கள் சொல்லுங்கள்: தமிழ் சினிமா ஆய்வேட்டுக்கு வழிகாட்ட ஆள் கிடைப்பார்களா? வங்காளம் தெரியாமல் ஜாதவ்பூரில் காலம் தள்ளலாமா? விடுதி எளிதில் கிடைக்குமா?