என் ஆர்மேனிய மாமியின் அம்மா எந்த ஊர்? தேடும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

யாழ்மருமகள் எழுதியது:

வணக்கம் உறவுகளே. நான் பாரிசுக்குப் பக்கத்தில் அல்ஃபோர்வில்லில் இருக்கிறேன். சொந்த ஊர் சாவகச்சேரி. கணவர் ஆர்மேனியர், பிரான்சிலேயே பிறந்தவர். என் மாமிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மாமியின் அம்மா, அதாவது என் கணவரின் அம்மம்மா, 1915இல் ஒட்டோமான் துருக்கியில் ஆர்மேனியருக்கு நடந்த இனப்படுகொலையில் தப்பிய பிள்ளை. எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

நாங்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதானே. இவர்களும் அப்படித்தான். ஏப்ரல் 24 நினைவு ஊர்வலத்தில் முதியவர்கள் ஒருவரையொருவர் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். மராஷ், சிவாஸ், கார்பெர்ட், வான் என்று பதில் வரும். இன்று துருக்கிக்குள் இருக்கும் ஊர்கள் அவை; கேட்பவரும் சொல்பவரும் அங்கே கால் வைத்ததே இல்லை. மாமியின் முறை வரும்போது மட்டும் "அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அவருக்கும் தெரியாது. அம்மா சொல்லவில்லை, தான் கேட்கவும் பயம் என்கிறார்.

வீட்டில் இருப்பவை இவை:

அம்மம்மாவின் நான்சன் கடவுச்சீட்டு, நாடில்லாத அகதிகளுக்கு அந்தக் காலத்தில் கொடுத்தது. படம் இருக்கிறது. பிறந்த ஆண்டு 1909. பிறந்த இடம் என்ற கோட்டில் "துருக்கி" என்று மட்டும்.

ஒரு பழைய பைபிள். கொன்ஸ்தாந்திநோபிளில் அச்சானது. ஆர்மேனிய எழுத்து. முன்னால் உள்ள வெற்றுத் தாளில் கையால் எழுதிய ஆறு வரிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டு: முதலாவது 1897, கடைசி 1911. பிள்ளைகள் பிறந்த குறிப்பு போலத் தெரிகிறது. என் மகள் சனிக்கிழமைகளில் ஆர்மேனியன் படிக்கிறாள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், ஆனால் பெயர்களைத் தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை என்கிறாள்.

ஒரு மேசைவிரிப்பு. அம்மம்மா கையால் தைத்தது. சிவப்பு, நீல நூலில் சிலுவை சிலுவையாகப் பின்னல். பக்கத்து வீட்டு ஆர்மேனிய அன்ரி பார்த்தவுடன் "இது மராஷ் தையல்" என்றார்.

இன்னொன்று, முக்கியமா தெரியவில்லை. அம்மம்மாவின் நாடியில் மூன்று நீலப் புள்ளிகள் இருந்தனவாம். எங்கள் ஆச்சிமார் போலப் பச்சை குத்தியதா என்று கேட்டேன். இல்லை, சின்ன வயதில் வந்த வருத்தத்தின் தழும்பு என்று அம்மா சொன்னார் என்கிறார் மாமி. எந்தப் படத்திலும் புள்ளிகள் தெரியாது. படம் எடுக்க முன்னர் பவுடர் போட்டு மூடிவிடுவாராம்.

மாமியின் அப்பா இளவயதிலேயே இறந்துவிட்டார். அவர் பக்கத்திலும் கேட்க ஆள் இல்லை.

மராஷ் என்று வைத்துக்கொண்டு தேடலாமா? எங்கே தொடங்குவது? மாமி இருக்கும்போதே அவருக்கு ஓர் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வீடு போனது, காணி போனது, ஆனால் ஊர்ப்பெயர் என்னிடம் இருக்கிறது. அதுகூட இல்லாமல் ஒருவர் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறார் என்பது என்னை உறங்க விடவில்லை.

—

பழையசென்னை எழுதியது:

எங்கள் பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெருவுக்கே ஆங்கிலப் பெயர் ஆர்மேனியன் தெருதான். 1772இல் கட்டிய அவர்களுடைய தேவாலயம் இன்னும் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் வந்தது இங்கே சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியனின் கல்லறையும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. உங்கள் மாமி குடும்பத்துக்கு இங்கே ஏதாவது தொடர்பு இருக்குமா என்று பாருங்களேன் சகோதரி.

—

ஊசிநூல் எழுதியது:

கோவையில் தையல் வகுப்பு எடுக்கிறேன். நீங்கள் சொல்லும் தையலை நாங்கள் 'கட்ச் ஒர்க்' என்று போடுகிறோம். முதலில் துணியில் குறுக்கும் நெடுக்குமாக நூலால் ஒரு சட்டம் போட வேண்டும். அப்புறம் ஊசி துணிக்குள் இறங்கவே கூடாது. அந்தச் சட்ட நூலுக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று பின்னிக்கொண்டே போக வேண்டும். ஒரு இடத்தில் மேல் கீழ் மாறினால் சிலுவை கூடாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சின்னச் சின்னக் கோடுகள் மட்டும் இருந்தால் அதே தையல்தான். புத்தகங்களில் ஆர்மேனியச் சிலுவைத் தையல் என்றும் போட்டிருப்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்துப் படித்துவிட முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரிந்தால் உங்களுக்கு உதவுமோ?

—

மேற்காசியவாசகன் எழுதியது:

அக்கா, இந்தக் காலத்து வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சென்னைத் தொடர்பு. சென்னைக்கு வந்த ஆர்மேனிய வணிகர்களின் வேர் பெரும்பாலும் ஈரானின் இஸ்ஃபஹான் பக்கம். ஷா அப்பாஸ் 1604–05இல் ஜுல்ஃபா நகரத்தையே காலிசெய்து அம்மக்களை அங்கே கொண்டுபோனார். அதுவும் ஊரைப் பிடுங்கிய கதைதான். ஆனால் உங்கள் அம்மம்மாவின் பாதை வேறு.

அடுத்து, மகளுக்கு ஏன் விளங்கவில்லை என்பது. அது துருக்கி மொழியாக இருக்கும், ஆர்மேனிய எழுத்தில். மராஷ், அயின்தாப், அதனா, கைசேரி ஊர்களில் ஏராளமான ஆர்மேனியர்கள் வீட்டில் பேசியது துருக்கிதான். அவர்களுக்காகவே அமெரிக்க மிஷனரிகள் இப்படிப் பைபிள் அச்சிட்டார்கள். துருக்கி தெரிந்த ஒருவருக்கு மகள் சத்தமாக வாசித்துக் காட்டினாலே போதும், பாதி விளங்கிவிடும்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள் அக்கா. 1909இல் பிறந்த பிள்ளைக்கு 1915இல் ஆறு வயது. நாடுகடத்தும் சட்டம் அந்த ஆண்டு மே 27இல் வந்தது. ஊர் ஊராக மக்களை சிரியாவின் அலெப்போ வழியாக தெய்ர் எஸ்-ஸோர் பாலைவனம் வரை நடத்தினார்கள். இறந்தவர்கள் 6 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை என்று கணிக்கிறார்கள். தனித்துவிடப்பட்ட ஆறு வயதுச் சிறுமி அத்தனை தூரமும் ஒரு பைபிளைச் சுமந்து காப்பாற்றியிருப்பாளா? அது தாத்தா வீட்டு, அதாவது மாமியின் அப்பா வீட்டு, பைபிளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஆறு வரிகளில் தாத்தாவின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மராஷோ அயின்தாப்போ தாத்தாவின் ஊர். அம்மம்மாவுக்கு அது சான்று ஆகாது.

விரிப்பும் அப்படித்தான். ஊசிநூல் அம்மா கேட்டது சரியான கேள்வி. போருக்குப் பிறகு அலெப்போவிலும் பெய்ரூட்டிலும் அநாதைப் பெண்களுக்கும் விதவைகளுக்கும் பிழைப்புக்காகத் தையல் கூடங்கள் நடந்தன. எந்த ஊர்ப் பெண்ணும் அங்கே மராஷ் தையல் கற்றிருக்கலாம்.

அம்மம்மாவுக்கென்று உங்களிடம் இருப்பது அந்த நாடிப் புள்ளிகள்தான். அவை தழும்பாக இருக்காது. நடைப்பயணத்தின்போது பல்லாயிரம் பெண்களும் பிள்ளைகளும் கடத்தப்பட்டார்கள், விற்கப்பட்டார்கள். சிலரை இரக்கப்பட்டும் எடுத்து வளர்த்தார்கள். பெதுவின் (பாலைவன அரபு நாடோடிகள்), குர்து குடும்பங்களில் இருந்த பெண்களுக்கு அவர்கள் வழக்கப்படி முகத்திலும் கையிலும் பச்சை குத்தினார்கள். திரும்பி வந்த பிறகு பலர் அதை வாழ்நாள் முழுவதும் மறைத்தார்கள். மாமியிடம் இதைச் சொல்வதா என்பதை நீங்களும் கணவரும் பேசி முடிவுசெய்யுங்கள்.

தேட வேண்டிய இடங்கள். டென்மார்க்கைச் சேர்ந்த காரன் யெப்பெ என்ற பெண்மணி 1920களில் அலெப்போவில் ஒரு மீட்பு இல்லம் நடத்தினார். ஐ.நா.வுக்கு முன் இருந்த நாடுகள் சங்கத்தின் ஆதரவில் நடந்தது அது. அங்கே வந்து சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகள் ஜெனீவாவில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் படம், பெயர், பெற்றோர் பெயர், ஊர், எப்படித் தப்பினார் என்ற சிறு குறிப்பு. அப்புறம் நான்சன் சீட்டு. ஆர்மேனியர்களுக்கு அது 1924 முதல்தான் கிடைத்தது. அதற்காகக் கொடுத்த பிறப்புச் சான்றுகளில் ஊரும் பெற்றோர் பெயரும் இருப்பதுண்டு. பிரான்சில் அந்தப் பழைய கட்டுகளெல்லாம் அகதிகள் அலுவலகமான ஒஃப்ராவிடம் இருக்கின்றன. பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்திருந்தால் அந்தக் கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். கப்பலில் மார்செய் வந்திறங்கியிருந்தால், 1922 முதல் 1927 வரை இருந்த ஒத்தோ முகாமின் பதிவேட்டையும் பாருங்கள்.

—

மலையகத்தாள் எழுதியது:

தங்கச்சி, நான் பெய்ரூட்டில் புர்ஜ் ஹம்மூதில் ஓர் ஆர்மேனிய வீட்டில் வேலை செய்தவள். அந்த இடத்தில் தெருக்கூட்டத்துக்கே புது மராஷ், புது அதனா, புது சிஸ் என்றுதான் பெயர், போன ஊரையே திரும்பக் கட்டியது மாதிரி. அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் நேராகக் கேட்டால் வாய் திறக்க மாட்டார். சமைக்கும்போது பேசுவார். மராஷ்காரர் வீட்டில் தர்கானா என்று தயிரும் கோதுமையும் சேர்த்து வற்றல் போல மெல்லிய தகடாகக் காயவைப்பார்கள், மற்ற ஊர்க்காரர் அப்படிச் செய்வதில்லை என்று சண்டையே பிடிப்பார். உங்கள் மாமியிடம் ஊர்ப்பெயர் கேட்காதீர்கள். அம்மா என்ன சமைத்தார், யாரோடு என்ன மொழி பேசினார் என்று கேளுங்கள்.

—

யாழ்மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதலில் பைபிள். கீழ்த்தளத்தில் ஒரு துருக்கிக் குடும்பம் இருக்கிறது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, மகள் வாசிக்க வாசிக்க அவர் பிரெஞ்சில் சொன்னார். ஆறும் பிறப்புக் குறிப்புகள்தான். நான்காவது வரியில் 1903இல் பிறந்தது மாமியின் அப்பா. கடைசி வரியில் 1911இல் பிறந்த தம்பி, "ஆண்டவர் ஆயுள் தரட்டும்" என்று எழுதியிருக்கிறது. வாசித்து முடித்ததும் அந்தத் துருக்கிப் பெண் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். "இதெல்லாம் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை" என்றார். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

ஊர்ப்பெயர் அந்தத் தாளில் இல்லை. ஆனால் அட்டையின் உட்பக்கம் ஒட்டியிருந்த கடதாசியில் "அயின்தாப்" என்று ஆர்மேனிய எழுத்தில் இருக்கிறது. தம்பி சொன்னதுபோல அது தாத்தா வழிதான். இப்போதைய காசியன்தெப். 2023 நிலநடுக்கத்தில் அங்கே ஒரு பெரிய மசூதி இடிந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது 1892இல் கட்டிய ஆர்மேனியப் பேராலயம், அவர்கள் போன பிறகு சிறையாக இருந்து பின்னர் மசூதியானது. அந்த ஆறு பிள்ளைகளும் அந்தக் கட்டிடத்தின் முன்னால் நடந்துதான் வளர்ந்திருப்பார்கள்.

அம்மம்மா விஷயத்தில் மலையகத்து அக்கா சொன்ன வழியில் போனேன். சேர்ந்து டொல்மாவுக்கு இலை சுருட்டிக்கொண்டே, அம்மா யாரோடு என்ன மொழி பேசுவார் என்று கேட்டேன். மாமி யோசிக்கவே இல்லை. மூலைக்கடை அல்ஜீரியக்காரரோடு அரபியில் சத்தமாகச் சிரித்துச் சிரித்துப் பேசுவாராம், வீட்டில் அப்படி ஒருநாளும் சிரித்ததில்லையாம். ஆர்மேனிய எழுத்தைப் பெரிய பிள்ளையான பிறகுதான் படித்தார் என்றும், கையெழுத்துக் கோணலாக இருக்கும் என்றும் சொன்னார். பிறகு தானாகவே, "அந்தப் புள்ளி வருத்தத்தால் வந்ததில்லை, என்ன?" என்று கேட்டார். இவரும் நானும் ஒளிக்கவில்லை. தெரிந்ததைச் சொன்னோம். அழவில்லை. "ஏன் எனக்குச் சொல்லவில்லை, நான் என்ன பழியா சொல்லியிருப்பேன்" என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு யாரோ செய்ததற்கு அந்தப் பிள்ளை ஏன் சாகும்வரை பவுடர் பூசி வாழ வேண்டும்?

அலெப்போ பதிவேட்டைத் திறந்திருக்கிறோம். அம்மம்மாவின் பெயர் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பெயர். அதனால் பெயரை விட்டுவிட்டு, வயது பொருந்தும் பிள்ளைகளை மட்டும் எடுத்து, படங்களைப் பெரிதாக்கி மாமிக்குக் காட்டுகிறோம். மாமி முகத்தைப் பார்ப்பதில்லை, முதலில் காதைப் பார்க்கிறார். அம்மாவின் காது மேல்நுனி மடிந்திருக்குமாம், மாமிக்கும் அப்படித்தான், என் மகளுக்கும். மூன்று பேரைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார். ஒருத்தி உர்ஃபா பக்கம், மற்ற இருவரும் கார்பெர்ட் பக்கத்துக் கிராமங்கள். எது என்று இன்னும் சொல்ல முடியாது.

ஒஃப்ராவுக்கும் எழுதிவிட்டேன். ஒரு காலத்தில் என் கோப்பு இருந்த அதே இடம். அம்மம்மாவின் சான்றில் தகப்பன் பெயர் வந்தால் பதிவேட்டோடு ஒப்பிட்டு மூவரில் ஒருத்தியா என்று பார்க்கலாம். தம்பி, அந்தப் பதிவேட்டில் சில குறிப்புகளின் கையெழுத்து விளங்கவில்லை, இரண்டு பக்கங்களைத் தனிமடலில் அனுப்புகிறேன். இடப்பெயரை மட்டும் வாசித்துத் தருவீர்களா?

—

மேற்காசியவாசகன் எழுதியது:

அனுப்புங்கள் அக்கா. கிராமப் பெயர்களைத் துருக்கி அரசு பின்னர் மாற்றிவிட்டது, இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. பழைய பெயரைக் கண்டுபிடித்ததும் இன்றைய பெயரையும் சேர்த்து எழுதுகிறேன். மூன்று பக்கங்களையும் அனுப்புங்கள், உர்ஃபாப் பிள்ளையையும் விட வேண்டாம்.