வியட்நாமியர்களோடு பழகிய அனுபவம் உண்டா? என்னுடையது இது

ஹூஸ்டனுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. பூர்வீகம் இராமநாதபுரம் கடற்கரை. தாத்தா கரைவலை இழுத்தவர். அதனால் மீன் வாங்க பெல்லேர் சாலையிலுள்ள வியட்நாமியக் கடைக்குத்தான் போவேன். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவனுக்கு அங்கே தனி மரியாதை.

2020 ஏப்ரலில் ஒரு நாள், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மீன் வெட்டும் பெரியவரைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். "கிருமியைக் கொண்டுவந்ததே நீங்கள்தான், சீனாவுக்கே போய்விடு." பெரியவர் சீனர் இல்லை என்பது அந்த ஆளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பெரியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஈரக்கையைத் துண்டில் துடைத்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு வீரவசனம் எதுவும் வரவில்லை. பயமும் இருந்தது, டெக்சாசில் யார் இடுப்பில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. முன்னே போய், "இந்தச் சங்கரா எத்தனை பவுண்டு வரும்? செதில் எடுத்துத் தருவீர்களா?" என்று மட்டும் கேட்டேன். பின்னால் நின்ற அம்மாளும் இறால் விலை கேட்டார். கத்தியவர் எதையோ முணுமுணுத்தபடி வெளியேறினார். திட்டுகிறவனோடு மல்லுக்கு நிற்காமல், திட்டு வாங்குகிறவரிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பதைப் பயிற்சி வகுப்புகளிலேயே கற்றுத் தருகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு அன்று வந்தது அது மட்டும்தான்.

அவரை இப்போது 'பாக்' என்று கூப்பிடுகிறேன். அவர்கள் மொழியில் பெரியப்பா. தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்த 1975-க்குப் பிறகு வந்து, கால்வெஸ்டன் விரிகுடாவில் இறால் படகு ஓட்டியவர். 1979-இல் சீட்ரிஃப்ட் என்ற சிற்றூரில் நண்டுக்கூடு வைக்கும் தகராறில் வெள்ளையர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். தற்காப்புக்காகச் சுட்டது என்று நடுவர் குழு ஏற்று வியட்நாமியச் சகோதரர்கள் இருவரை விடுவித்தது. அதற்குள்ளேயே வியட்நாமியர் படகுகள் எரிந்திருந்தன. யார் எங்கே கூடு வைப்பது என்பது எந்தக் கரையிலும் எழுதாத சட்டம். புதிதாக வந்தவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. டீசல் விலை ஏறி, இறால் விலை இறங்கிய காலம் வேறு. உள்ளூர் மீனவர்களின் கோபத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அடுத்து வந்தது கோபம் இல்லை. 1981 மார்ச்சில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் ஆட்கள் அங்கி அணிந்து, துப்பாக்கியோடும் தொங்கவிட்ட உருவபொம்மையோடும் படகில் விரிகுடாவைச் சுற்றினார்கள். வழக்கே வேண்டாம், படகை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று தங்களுக்குள்ளேயே பலர் சொன்னதாக பாக் சொல்கிறார். ஆனாலும் வியட்நாமிய மீனவர் சங்கம் வழக்காடியது. இறால் பருவம் திறப்பதற்கு முதல் நாள், மே 14 அன்று, நீதிபதி கேப்ரியல் மெக்டொனால்ட் கிளானுக்குத் தடை விதித்தார். அவர் கறுப்பினப் பெண் என்பதைச் சொல்லும்போது மட்டும் பாக் விரலை உயர்த்துவார்.

உங்கள் ஊரில் எப்படி?

கோலாலம்பூரிலிருந்து:

என் பெரியப்பா 1979-இல் திரெங்கானுவில் லாரி ஓட்டினார். வியட்நாமிய அகதிகள் முகாம் இருந்த பீடோங் தீவுக்குப் போகும் அரிசியும் தண்ணீரும் படகுத்துறைவரை அவர் வண்டியில்தான். ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் தீவில் அந்த ஆண்டு ஜூனில் 40,000 பேர். கரைக்கு வந்த அகதிப் படகுகளை எங்கள் மலேசிய அரசு மீண்டும் கடலுக்கே இழுத்து விட்டதும் அதே ஆண்டுதான். கல்லெறிந்தவர்களும் உண்டு, ஈரத்துணியோடு வந்த பிள்ளைக்குச் சட்டை கொடுத்தவர்களும் உண்டு என்பார். தான் எந்தப் பக்கம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

டொராண்டோவிலிருந்து:

1979, 80-இல் கனடா வியட்நாம், லாவோஸ், கம்போடியாவைச் சேர்ந்த ஏறத்தாழ 60,000 இந்தோசீன அகதிகளை எடுத்தது. பாதிக்கு மேற்பட்டவர்களைத் தேவாலயங்களும் அக்கம்பக்கத்துக் குழுக்களுமே பொறுப்பேற்று அழைத்தன. 1986-இல் நியூஃபவுண்ட்லாந்து அருகே உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தபோது அவர்களைத் தூக்கியவர்களும் மீனவர்களே. எங்களுக்கு முன்னால் அந்த அகதிப் பாதையில் வந்தவர்கள் இந்த வியட்நாமியர்கள். அப்படியிருந்தும் எங்கள் வீடுகளில் இவர்களை மூக்கைக் கேலி செய்து 'சப்பையர்' என்று சொல்வது நிற்கவில்லை. போன மாதம் என் மாமா சொன்னார், சாப்பாட்டு மேசையில். மகள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் எழவில்லை.

முதல் பதிவர்:

எங்கள் வீட்டிலும் அந்தச் சொல் உண்டு. 2020-க்கு முன்னால் நானே சொல்லியிருக்கிறேன்.

பாக் இப்போது சங்கராவின் தலையை எனக்கென்று எடுத்து வைக்கிறார். அவர்கள் 'கான் சுவா' என்னும் புளிப்புச் சூப்பிலும் மீனோடு புளிதான் சேர்கிறது. போன வாரம் எங்கள் ஊர்ப் பழம்புளி ஒரு உருண்டை கொடுத்தேன். நுனி விரலால் கிள்ளி நாக்கில் வைத்துவிட்டு, உப்பு அதிகம் என்றார்.