சிக்னல் வந்தா சில சமயம் ரன்டைம் தொங்கிடுது: சொந்த ஸ்கிரிப்ட் மொழி, சி, லினக்ஸ்

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் முதுநகர்ல ஒரு ஐஸ் ஃபேக்டரிக்கு, குளிரறை வெப்பநிலையைப் பதிவு பண்ற வேலை. ராஸ்பெரி பைல ஓடுது, சென்சார் சீரியல் போர்ட்ல இருக்கு. ஸ்கிரிப்ட் மொழி நானே எழுதினது: சி-ல ஒரு குட்டி பைட்கோடு விஎம் (ஸ்கிரிப்டை ஓட்டற பகுதி), எளிமையான ஜிசி (பயன்படாத நினைவகத்தைத் திரும்ப எடுக்கறது), சர்வருக்கு டேட்டா அனுப்ப தனியா ஒரு த்ரெட். "சிக்டெர்ம் வந்தா இந்த ஃபங்ஷனை ஓட்டு"ன்னு மொழியிலேயே எழுதலாம் (சிக்டெர்ம்னா, நிறுத்திக்கோன்னு புரோகிராமுக்கு வர்ற சிக்னல்). அந்த ஃபங்ஷன்லதான் லாக் ஃபைலை மூடுறேன்.

கரண்ட் போய் யூபிஎஸ் இறங்கினா பை தானா ஷட்டவுன் ஆகும். பெரும்பாலும் ஒழுங்கா மூடிக்குது. எப்பவாவது அப்படியே நின்னுடுது. 90 நொடி பாத்துட்டு சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்களை நிர்வகிக்கறது) சிக்கில், அதாவது கட்டாயமா நிறுத்துற சிக்னல், அனுப்பி முடிச்சிடுது, லாக்கோட கடைசி வரிகள் போச்சு. சிபியு பூஜ்ஜியத்துல இருக்கு, அதனால முடிவில்லாத லூப் கிடையாது. சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளேருந்து (சிக்னல் வந்ததும் ஓடுற சி ஃபங்ஷன்) நேரா விஎம்-ஐக் கூப்பிடுறேன், அதுல ஏதாவது தப்பா? ஐப்பசி மழைக்குள்ள சரி பண்ணியாகணும். ஃபெங்கல் மாதிரி ஒண்ணு வந்தா இந்தப் பக்கம் கரண்ட் எப்ப திரும்பும்னு யாருக்கும் தெரியாது.

முத்தியால்பேட்டை:
தொங்கி நிக்கும்போதே ஜிடிபி-ஐ (டிபக்கர்) அட்டாச் பண்ணி, மெயின் த்ரெட்டோட பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுச்சுங்கற வரிசை) போடுங்க தம்பி. ஊகம் ஒண்ணு இருக்கு, பாத்துட்டுச் சொல்றேன்.

வில்லியனூர்:
இதுக்கு ஏன் ப்ரோ இவ்ளோ? ஹேண்ட்லர்ல எக்ஸிட் கூப்பிட்டு விடுங்க. நான் எப்பவும் அப்படித்தான், ஒரு பிரச்சனையும் வந்ததில்ல.

கெடிலக்கரை:
அண்ணா, மேலேருந்து கீழ இப்படி வருது: பூட்டுக்குக் காத்திருப்பு, மால்லாக் (நினைவகம் ஒதுக்கற ஃபங்ஷன்), சரம் உருவாக்கம், விஎம், என் ஹேண்ட்லர், அப்புறம் "சிக்னல் ஹேண்ட்லர் கூப்பிடப்பட்டது"ங்கற வரி, அதுக்குக் கீழ திரும்பவும் மால்லாக், சரம் இணைப்பு, விஎம், மெயின். மால்லாக் ரெண்டு தடவை வருதே?

முத்தியால்பேட்டை:
அதேதான். மெயின் த்ரெட் மால்லாக்குக்குள்ள பூட்டைப் போட்டு வேலை பண்ணிட்டு இருந்தப்ப சிக்னல் வந்து அதை நடுவுல நிறுத்திடுச்சு. உங்க ஹேண்ட்லர் அதே த்ரெட்ல, அதே ஸ்டாக்குக்கு மேல ஏறி ஓடுது. அதுவும் மால்லாக் கேக்குது. சாவியை மடியில கட்டிக்கிட்டு, சாவி வரட்டும்னு வாசல்ல உக்காந்த கதை. ஜிலிப்சி (லினக்ஸோட சி லைப்ரரி) சின்ன ஒதுக்கீடுகளைப் பூட்டு இல்லாமலேயே குடுத்துடும், அதனாலதான் பெரும்பாலும் தப்பிச்சுட்டீங்க.

அனுப்புற த்ரெட் இல்லாம இருந்திருந்தா இன்னும் மோசம். ஒரே த்ரெட்னா ஜிலிப்சி அந்தப் பூட்டையே போடாது. தொங்காம, சத்தமில்லாம ஹீப் (மால்லாக் குடுக்கற நினைவகம்) கெட்டுப்போயிருக்கும். தொங்கினதே உங்க நல்ல நேரம்.

மால்லாக்கை மாத்தினாலும் தீராது. ஜிசி பாதியில இருக்கும்போது, இல்ல ஒரு ஆப்ஜெக்ட் பாதி கட்டின நிலையில சிக்னல் வந்தா, உள்ள ஓடுற ஸ்கிரிப்ட் அந்த அரைகுறையைத்தான் பாக்கும்.

வில்லியனூர் சொன்ன எக்ஸிட்டும் இதே குழிதான். அது எஸ்டிடிஐஓ (சி-யோட ஃபைல் எழுதற லைப்ரரி) பஃபர்களை எழுதப் பாக்கும், அங்கயும் பூட்டு இருக்கு. அண்டர்ஸ்கோர் எக்ஸிட் பாதுகாப்பானது, ஆனா பஃபர்ல இருக்கறது போயிடும். ஹேண்ட்லருக்குள்ள எதைக் கூப்பிடலாம்னு "சிக்னல்-சேஃப்டி"ங்கற மேன் பக்கம், 7-ஆம் பிரிவுல பட்டியல் இருக்கு. ரைட் உண்டு, பிரிண்ட்எஃப் கிடையாது.

செய்ய வேண்டியது: சி ஹேண்ட்லர் ஒரு அடாமிக் (பாதியில உடையாம மாறுற) ஃப்ளாக்கை மட்டும் ஏத்திட்டுத் திரும்பிடணும். விஎம் பின்னோக்கித் தாவும்போதும் (லூப் மறுபடி சுத்தும்போது) ஃபங்ஷன் கூப்பிடும்போதும் அந்த ஃப்ளாக்கைப் பாக்கணும். ஏறியிருந்தா அங்க, தன் சொந்த இடத்துல, ஸ்கிரிப்ட் ஃபங்ஷனை ஓட்டணும். சிபைத்தானும் (பைத்தானோட வழக்கமான ரன்டைம்) இதையேதான் பண்ணுது. பைத்தான் ஹேண்ட்லர் மெயின் த்ரெட்ல மட்டும்தான் ஓடும்.

கெடிலக்கரை:
மாத்திட்டேன், தொங்கறது நின்னுடுச்சு. ஆனா சென்சார் சும்மா இருந்தா, சீரியல் ரீட்ல காத்துக்கிட்டே இருக்கு. அடுத்த அளவு வந்தப்புறம்தான் ஃப்ளாக்கையே பாக்குது.

முத்தியால்பேட்டை:
சிக்னல்ங்கற ஃபங்ஷனை வச்சு ஹேண்ட்லரைப் பதிவு பண்ணியிருப்பீங்க. ஜிலிப்சி-ல அது எஸ்ஏ-ரீஸ்டார்ட்ங்கற கொடியோட வரும், கர்னலே ரீட்-ஐ மறுபடி தொடங்கிடும். சிக்ஆக்‌ஷனுக்கு மாறி அந்தக் கொடியை எடுத்துட்டா ரீட், சிக்னல் குறுக்கிட்டுச்சுங்கற ஈ-இன்டர் பிழையோட திரும்பும். அப்ப ஹேண்ட்லரை ஓட்டிட்டு, ஸ்கிரிப்ட் நிறுத்தச் சொல்லலைன்னா ரீட்-ஐத் திரும்பக் கூப்பிடுங்க. 2015-ல வந்த பைத்தான் 3.5 முதல் அந்த மொழியும் இப்படித்தான் நடந்துக்குது.

ஆனா இதுலயும் ஒரு சந்து இருக்கு: ஃப்ளாக்கைப் பாத்தாச்சு, ரீட் இன்னும் தொடங்கல, நடுவுல சிக்னல் வந்துடுச்சு. ரீட் தூங்கிடும். அதுக்குத்தான் செல்ஃப்-பைப். ஒரு பைப், ரெண்டு முனையும் நான்-பிளாக்கிங். ஹேண்ட்லர் ஃப்ளாக்கை ஏத்திட்டு ஒரு பைட் எழுதும். விஎம் சீரியல் போர்ட்டையும் பைப்பையும் சேர்த்து போல் (poll) பண்ணும், எதுல வந்தாலும் எழுந்துக்கும். பைப் நிரம்பி எழுத முடியலைன்னாலும் கவலையில்ல, எழுப்ப ஒரு பைட் போதும். ஹேண்ட்லர்ல நுழையும்போது எர்ர்நோவை (கடைசிப் பிழையோட எண்) எடுத்து வச்சு, வெளிய வரும்போது திரும்ப வைக்க மறக்காதீங்க.

அரியாங்குப்பம்:
நடுவுல நுழையறேன். அனுப்புற த்ரெட்டைத் தொடங்கறதுக்கு முன்னாடியே பித்ரெட்-சிக்மாஸ்க்ல சிக்டெர்மை மறைச்சு, தொடங்கினப்புறம் மெயின்ல மட்டும் திறங்க. புது த்ரெட் அந்த மாஸ்க்கோடதான் பிறக்கும், அதனால சிக்னல் மெயினுக்கு மட்டும் போகும். லினக்ஸ் மட்டும்தான்னா சிக்னல்எஃப்டி-யும் (சிக்னலை ஃபைல் மாதிரி ரீட் பண்ற வழி) இருக்கு. ஆனா அதுக்கு சிக்னலை மறைச்சே வைக்கணும், ஸ்கிரிப்ட்லேருந்து வேற புரோகிராமைக் கிளப்பினா எக்ஸெக்கைத் தாண்டியும் அந்த மாஸ்க் ஒட்டிக்கும். நான் செல்ஃப்-பைப் பக்கம்.

கெடிலக்கரை:
பைப் போட்டேன், உடனே எழுந்துக்குது. நன்றி அண்ணா. சிக்செக்வி-யையும் (நினைவகத்தைத் தப்பாத் தொட்டா வர்ற சிக்னல்) இதே மாதிரி மொழியில பிடிக்க விடலாமா?

முத்தியால்பேட்டை:
வேண்டாம். ஃப்ளாக் ஏத்திட்டுத் திரும்பினா, பிழை வந்த அதே இன்ஸ்ட்ரக்‌ஷன் மறுபடி ஓடும், மறுபடி சிக்செக்வி, அங்கயே சுத்தும். ஜேவிஎம் (ஜாவாவோட விஎம்) அதை நல் செக்குக்குப் பயன்படுத்துதுன்னா, எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன்ல வரும்னு அதுக்கு முன்கூட்டியே தெரியும். உங்க மொழியில அதை டீஃபால்ட்லயே விட்டு கோர் டம்ப் (விழுந்த நேரத்து நினைவகப் பதிவு) எடுத்துப் பாருங்க.

இன்னொண்ணு. ஸ்கிரிப்ட் எழுதறவர் மூடுற ஃபங்ஷன்லயே லூப்ல மாட்டிக்கிட்டா, கன்ட்ரோல்-சி எத்தனை அடிச்சாலும் ஃப்ளாக்தான் ஏறும். முதல் சிக்இன்ட் (கன்ட்ரோல்-சி அனுப்புற சிக்னல்) வந்ததும் ஹேண்ட்லரை டீஃபால்ட்டுக்கு மாத்திடுங்க, ரெண்டாவது அடியில புரோகிராம் நிக்கட்டும். சிக்ஆக்‌ஷன்ல எஸ்ஏ-ரீசெட்ஹேண்ட் குடுத்தா கர்னலே அதைப் பாத்துக்கும்.