‘உயர் பகு எண்’ வேண்டாம். ‘காரணி விஞ்செண்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை ஆங்கிலத்தில் ‘ஹைலி காம்போசிட் நம்பர்’ என்பார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘ஹைலி காம்போசிட் நம்பர்’ என்பதற்கு ‘உயர் பகு எண்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. ‘பகு எண்’ எல்லோருக்கும் பழகிய சொல்.

பழகிய சொல்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் இந்த எண்வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று போகிறது. 1 பகு எண்ணும் அல்ல, பகா எண்ணும் அல்ல. 2 பகா எண். ‘2 ஒரு பகா எண், அதுவே உயர் பகு எண்ணும்கூட’ என்று பாடத்தில் எழுதினால் படிக்கிற பிள்ளை குழம்பிப்போகும். 1915-இல் வெளிவந்த இராமானுசனின் கட்டுரை வழியே ஆங்கிலப் பெயர் நிலைத்துவிட்டது. அதிலுள்ள முரணையும் சேர்த்துத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டுமா?

வரையறையைப் பார்ப்போம். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் இருக்க வேண்டும், அவ்வளவே. 720720-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்:

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

அடுக்குகள் 4, 2, 1, 1, 1, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240 காரணிகள். வரிசையில் இதற்கு முந்தையது 665280; அதற்கு 224. நடுவில் உள்ள எந்த எண்ணும் 224-ஐத் தாண்டவில்லை. (இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 55440. அதுவும் இதே வரிசையில் வரும் எண்! எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது.) ஆக, முந்தையவற்றை விஞ்சுவதுதான் இங்கே கருத்து, பகுபடுவது அன்று.

> அப்படியென்றால் ‘மிகு காரணி எண்’?

‘மிகை எண்’ ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது: தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிடப் பெரிதாக உள்ள எண். 720720-க்கு அந்தத் தொகை 2529072. எனவே அது மிகை எண்ணும்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 18 மிகை எண் (1+2+3+6+9 = 21). ஆனாலும் அதன் 6 காரணிகள் 12-க்கே வந்துவிட்டதால் நம் வரிசையில் அதற்கு இடமில்லை. 6 வரிசையில் உண்டு, ஆனால் அது மிகை எண் அல்ல, நிறைவெண்: அந்தக் கூட்டுத்தொகை தனக்கே சமம் (1+2+3 = 6). ஒன்று கூட்டுத்தொகையைப் பற்றியது, மற்றது எண்ணிக்கையைப் பற்றியது. மிகு, மிகை என்று இரண்டையும் அருகருகே வைத்தால் மாணவர்கள் கட்டாயம் மாற்றி எழுதுவார்கள்.

எனவே என் பரிந்துரை ‘காரணி விஞ்செண்’. விஞ்சு + எண், வினைத்தொகை. விஞ்சிய, விஞ்சும் என எப்படி விரித்தாலும் பொருள் கெடவில்லை.

இவற்றுள்ளும் ஒரு மேல்தட்டு உண்டு. காரணி எண்ணிக்கையை, அந்த எண்ணையே ஏதேனும் ஒரு நேர் அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பதால் வகுத்து, எல்லா எண்களோடும் ஒப்பிட்டாலும் முதலிடம் பெறுபவை: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, 720720 என்று தொடரும். 665280 இதில் வராது. இவற்றுக்குத் ‘தலை விஞ்செண்’ எனலாமா? ‘முதன்மை’ என்ற அடைமொழி மட்டும் வேண்டாம். ‘முதன்மைக் காரணி’ என்று சேர்த்துப் படித்துப் பகாக் காரணியோடு குழப்பிக்கொள்வார்கள். இலக்கணம் அறிந்தவர்கள் புணர்ச்சியைச் சரிபார்த்துச் சொன்னால் அகராதிப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்