அடையாறு முகத்துவாரத்தில் மீன்குஞ்சு விடுவது பயன் தருமா?

கேட்பவர்: கோட்டூர்புரவாசி

எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த சிலரும் அருகிலுள்ள கல்லூரி மாணவர்களும் விடுமுறை நாட்களில் அடையாற்றங்கரையில் குப்பை அகற்றி வருகிறோம். அடுத்த கட்டமாக, இந்த ஆற்றுக்குரிய மீன்கள் மீண்டும் பெருக ஏதேனும் செய்ய விரும்புகிறோம். மடவை, கொடுவாக் குஞ்சுகளை வாங்கி முகத்துவாரத்தில் விடலாம் என்கிறார்கள் சிலர்; சேற்றுப் பரப்பில் அலையாத்தி (மாங்குரோவ்) மரங்களை நடலாம் என்கிறார்கள் வேறு சிலர். தூண்டில் போடுவோருக்கு இப்போது கிடைப்பது பெரும்பாலும் ஜிலேபி (திலாப்பியா) மீன்தான். எதில் தொடங்குவது, யாரிடம் அனுமதி பெறுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில்: கழிமுகத்தான்

குஞ்சு வாங்கும் பணத்தைத் தயவுசெய்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மடவையும் கொடுவாவும் கடல் நீரில் முட்டையிடுபவை. அவற்றின் குஞ்சுகள் அலையேற்றத்தோடு தாமாகவே கழிமுகத்துக்குள் நுழைந்து, சில காலம் இங்கே மேய்ந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. முகத்துவாரம் திறந்திருந்தால் குஞ்சுகளைக் கடலே அனுப்பிவிடும். மணல் திட்டு அடைத்துக்கொண்டாலோ, நாம் விடும் குஞ்சும் வெளியேற வழியின்றிச் சாக்கடை நீரில் சிக்கிக்கொள்ளும். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் முகத்துவாரத்தை அறுத்துத் திறக்கிறது. கோடையில் ஆற்றில் உந்துவிசை இல்லாதபோது மணல் மீண்டும் சேர்ந்துவிடுகிறது. எனவே ஒரே இடத்தில் நின்று, தேதி குறித்து, முகத்துவாரத்தைத் தொடர்ந்து படமெடுத்து வாருங்கள். தூர்வாரக் கோரி மனு கொடுக்கும்போது அந்தப் படங்களைவிட வலுவான சான்று வேறில்லை.

அடுத்தது உயிர்வளி (ஆக்சிஜன்). மீன் வாழும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் கரைந்த உயிர்வளி இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். பகலில் அளந்தால் பாசி வெளியிடும் உயிர்வளி உங்களை ஏமாற்றிவிடும். இரவு முழுவதும் அதே பாசி அதை உறிஞ்சுவதால், விடியும் முன் அளந்தால்தான் மீன் படும் பாடு தெரியும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, மேற்பரப்பு நீரை வாயால் வாங்கியே சமாளித்துக்கொள்ளும். நம் மீன்கள் பலவற்றுக்கு அது இயலாது. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் பெருமழையில், அடியில் கிடக்கும் கரும்சேறு கலங்கி, வடிகால்களில் தேங்கிய கழிவும் ஒருசேர இறங்கும்போது, மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாய் பிளந்து சாவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்த மழைநீர் வடிகாலின் வாயில் அளவு சரிகிறது என்று கண்டுபிடித்தால், "ஆறு நாறுகிறது" என்ற பொதுவான புகார் குறிப்பிட்ட ஒரு கழிவுநீர் இணைப்பைத் துண்டிக்கக் கோரும் புகாராக மாறிவிடும். தன்னார்வலர்கள் செய்யக்கூடியவற்றில் இதையே நான் முதலில் வைப்பேன்.

பதில்: எண்ணூர்க்காரர்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நடவைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். வெறும் சேறாகத் தெரிகிற இடம் வெற்றிடம் அன்று. அதன்மேல் படியும் மெல்லிய பாசியைத்தான் மடவை சுரண்டித் தின்கிறது. நீர் வடியும் நேரத்தில் பறவைகள் மேய்வதும் அங்கேதான். அலை வந்துபோகும் இடமாக இருந்தால் அலையாத்தி விதை மிதந்து வந்து தானே வேர்பிடிக்கும். பிச்சாவரத்தில் சிதைந்த காட்டை மீட்டவர்கள் கால்வாய் வெட்டி அலைநீரை உள்ளே கொண்டுவந்த பிறகே நட்டார்கள். உங்கள் பக்கத்திலேயே உள்ள தொல்காப்பியப் பூங்காவிலும் கட்டடக் கழிவைத் தோண்டி அகற்றி நீர்ப்பரப்பை மீட்ட பின்புதான் நடவு நடந்தது.

ஏற்கெனவே நிற்கும் மரங்களின் அடியைப் பாருங்கள். விரல் போல மேலெழும் மூச்சுவேர்களில் அறுந்த நைலான் வலையும் பிளாஸ்டிக் பையும் சுற்றிக் கிடக்கும். அவற்றை இழுக்காமல் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். இழுத்தால் வேரும் சேர்ந்து வரும். மீன்குஞ்சுகள் ஒளிந்து வளரும் இடம் அந்த வேர்களின் இடுக்குதான்.

வெளியூர் உயிர்கள் என்ன செய்யும் என்பதை எங்கள் கொசஸ்தலையாற்றில் பார்க்கிறோம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த காக்கா ஆழி என்னும் சிப்பி படுகையைப் பாய் விரித்தாற்போல மூடிவிட்டதால், இறால் புதைந்து வாழ மணல் இல்லை. பறி என்னும் ஓலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு கையால் இறால் தடவும் இருளர் குடும்பங்களின் பிழைப்பே முடங்குகிறது. ஆகவே தொட்டியில் வளர்த்த டேங்க் கிளீனர் மீனை யாரும் ஆற்றில் கொட்டிவிடாதபடி உங்கள் குடியிருப்பில் சொல்லிவையுங்கள்.

பதில்: கழிமுகத்தான்

அனுமதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அலையாத்திக் காடும் சேற்றுப் பரப்பும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வருபவை. எழுத்துப்பூர்வ அனுமதியின்றி மண்வெட்டி வைக்காதீர்கள். ஆற்றுக்கு நீர்வளத்துறை, மரங்களுக்கு வனத்துறை. அதற்கும் முன்னதாக முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் குப்பத்து மீனவப் பெரியவர்களைச் சந்தியுங்கள். எந்தப் பருவத்தில் எந்த மீன் உள்ளே வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேட்டவர்: கோட்டூர்புரவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குஞ்சு விடும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். அந்தப் பணத்தில் உயிர்வளி அளக்கும் மீட்டர் வாங்கப் போகிறோம். பாலத்தடியிலும் முகத்துவாரத்திலும் ஒரே மாதிரி அளக்கலாமா?

பதில்: கழிமுகத்தான்

கூடாது. உப்பு நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும் என்பதால், ஒவ்வோர் இடத்திலும் முதலில் உப்புத்தன்மையை அளந்து மீட்டரில் பதிந்துகொள்ளுங்கள். மேல்நீர், அடிநீர் இரண்டையும் தனித்தனியே எடுங்கள். கனமான கடல்நீர் அடியில் நுழைவதால் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.